மூணாங்கண்

அந்தக் கடலோர ரயில் பாதையில் "கண் டாக்டர் எங்கே?" என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். காட்டிய பக்கம் போனால் ஆஸ்பத்திரி இருக்காது. முழங்கால் அளவு சேற்றில், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு ஒரு அம்மா யாரையாவது திட்டிக்கொண்டு நிற்பாள். பாதைக்கு அடியில் தண்ணீர் போவதற்குச் சின்னச் சின்னப் பாலங்கள் உண்டு. அந்தப் பாலங்களின் ஓட்டைகளுக்குக் 'கண்' என்று பெயர். ஒரு கண் பாலம், இரண்டு கண் பாலம், மூணு கண் பாலம் என்று வழி நெடுக இருக்கின்றன. பார்த்தால் வாய் மாதிரிதான் இருக்கும். கண் என்று முதலில் சொன்னவனுக்கு உடம்பைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது.

அந்தக் கண்களில் தூசி விழாமல் பார்த்துக்கொள்வது அவளுக்கும் அவளுடைய கேங்குக்கும் வேலை. அவள்தான் கேங்குக்கு மேஸ்திரி. தூசி என்றால் ஊதினால் போகிற தூசி இல்லை. பழைய மெத்தை, கால் உடைந்த நாற்காலி, ஒருமுறை கதவோடு ஒரு முழு ஃப்ரிட்ஜ். அந்த ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டி இழுத்துப் போட்ட அன்றுதான் கேங்கில் ஒருத்தன், "அக்கா கண் ஆபரேஷன் பண்ணிட்டாங்கடா!" என்று கத்தினான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சம்பளம் வாங்கும் நாளைத் தவிர அவளுடைய சொந்தப் பெயரை யாரும் உபயோகிப்பதில்லை.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு கூத்து. புருஷன் தையல்காரர். கல்யாணமான புதிதில் அவர் தைக்க, இவள் பட்டன் வைப்பாள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கோத்து அவளுக்கு இடுப்பும் போச்சு, பொறுமையும் போச்சு. ரயில்வேயில் ஆள் எடுக்கிறார்கள், மண் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடிக் காட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டதும், "நான் போறேன்" என்றாள். "போயேன். பட்டனை நான் வச்சுக்கறேன். நீ வச்ச பட்டன் எல்லாம் ஒரு வாரத்துல திரும்பி வருது" என்றார் புருஷன். ஓடினாள். மூட்டையோடு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டி, இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, கூப்பிட்டு நிறுத்த வேண்டியிருந்ததாம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வாயில் ஒன்று பேசத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் போட்டுக் கொடுத்த காப்பி நன்றாக இல்லை என்று ஸ்டேஷன் மாஸ்டரிடமே சொன்னவள். ஆனால் வஞ்சகம் கிடையாது. காலையில் திட்டியவனுக்கு மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு, அவன் தின்று முடிப்பதற்குள் இன்னொரு முறை திட்டிவிடுவாள்.

ரயில் பாதை போவது ஒரு நீளமான மண் கரை மேல். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் சதுப்பும் தாழ்ந்த நிலமுமாகக் கிடக்கும் ஊர்ப்புறம். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் எல்லாம் கரையின் உள்பக்கம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அது கண்கள் வழியாகக் கடலுக்கு இறங்க வேண்டும். கடல் ஏறியிருந்தால் இறங்காது. கடல் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதற்குள் அலை வந்து கண் வாசலில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்? மத்தளமாவது தோல். கரை வெறும் மண். ஊற ஊற இளகும், இளகினால் சரியும், சரிந்தால் மேலே ஓடுகிற ரயில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கடல்தான் எதிரி. மணலைக் கொட்டிக் கண்ணை மூடுகிற வேலையை அதுதான் செய்யும். அதனால் அவள் எப்போதும் கடல் பக்கம் இறங்கி, கண் வாசலில் குனிந்து, உள்ளே எட்டிப் பார்ப்பாள். அந்தக் கோடியில் வெளிச்சம் தெரிந்தால் கண் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான். கேங்கில் எல்லோருக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தாள். "வெளிச்சம் பார்த்தாச்சா?" என்பாள். "பார்த்தாச்சு அக்கா" என்பார்கள். அடுத்த பாலத்துக்கு நடப்பார்கள். உள்பக்கம் ஒரே கோரையும் முள்ளும் வேலியும். அங்கே எதற்குப் போய்க் காலைக் கிழித்துக்கொள்வது?

இப்படி இருக்கையில் அவள் மகன் காதலித்தான்.

மகனுக்கு ஸ்டேஷன் வாசலில் செல்போன் ரிப்பேர் கடை. அந்தப் பெண்ணுக்கு டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. தினமும் ரயிலில் வந்து போகிறவள். போன் ஒரு தரம் கீழே விழுந்து உடைந்தது, ரிப்பேர் பண்ணிக் கொடுத்தான். மறுபடியும் விழுந்தது. மூணாவது தரம் விழுந்தபோது, "போன் விழலை, வேற யாரோ விழுந்துட்டாங்க" என்று தையல்காரர் வீட்டில் அறிவித்தார்.

பெண்ணுடைய அப்பா கரைக்கு உள்பக்கம் வாத்துப் பண்ணை வைத்திருந்தார். மகள் விஷயம் காதுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பையனோட அம்மா என்ன பண்றாங்க?" பெண்ணுக்கு நாக்கு குழறியது. "ரயில்வேல... எல்லாரும் கண் டாக்டர்னு கூப்பிடுவாங்கப்பா" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா காதில் ரயில்வே, கண் டாக்டர் என்ற வார்த்தைகள்தான் விழுந்தன. ரயில்வே ஆஸ்பத்திரியில் கண் டாக்டர்! வாத்துக்காரருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. "ஞாயித்துக்கிழமை போய்ப் பேசிட்டு வந்துடுவோம்" என்று அவரே நாள் குறித்துவிட்டார்.

அந்த வாரம் பூராவும் மழை. சனிக்கிழமை என்ஜினியர் போன் பண்ணினார். சின்ன வயசுக்காரர், ஆனால் நிதானமானவர், எதையும் இரண்டு தரம் யோசிப்பவர்.

"மேஸ்திரியம்மா, கடல் இறங்கின பிறகும் உள்பக்கத் தண்ணி இறங்க மாட்டேங்குது. அந்த மூணு கண் பாலத்துலதான் எனக்குச் சந்தேகம். மூணாங்கண்ணை ஒரு தடவை உள்பக்கமாப் போய்ப் பார்த்துடுங்க."

"நான் முந்தாநாளே பார்த்துட்டேன் சார். வெளிச்சம் தெரியுது. மழை அதிகம், அதான் தண்ணி நிக்குது" என்றாள் அவள், தன் கண்ணை யாரோ குறை சொன்ன மாதிரி. முந்தாநாள் அவள் பார்த்தது கடல் பக்கமிருந்து. தண்ணீருக்கு மேலே ஒரு கை அகலம் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் வெளிச்சம்தானே?

ஞாயிற்றுக்கிழமை லீவு. முன்னறையில் இருந்த தையல் மெஷினை மூலையில் தள்ளி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார் தையல்காரர். தைக்காத துணி மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் போயின. ஜன்னலுக்குப் புதுத் திரை அவரே தைத்திருந்தார். மகன் ஒரே சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டான். இவளுக்கு வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. வாயை மட்டும் அடக்கிக்கொண்டு இரு, அதுவே பெரிய உதவி என்று அப்பாவும் மகனும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள். அவளும் சரி என்றாள். மகன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, ஒரு நாள் என்ன, ஒரு வருஷம் கூட வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வாத்துக்காரர் நல்ல ஆகிருதி. வெட்டவெளியில் வாத்துகளைக் கூப்பிட்டுப் பழகிய குரல், சின்ன அறையில் இடி மாதிரி விழுந்தது. அவர் மனைவி பேச்சு குறைவு, பார்வை அதிகம். பெண் உள்ளே வந்ததிலிருந்து மின்விசிறியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. வாத்துக்காரர் நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா, வந்ததும் வராததுமா கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளா இந்த வலது கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு. ஒரு பார்வை பார்த்துச் சொல்லிடுங்களேன்."

மகன் பெண்ணைப் பார்த்தான். பெண் மின்விசிறியை இன்னும் உற்றுப் பார்த்தாள்.

"பார்க்கறதுக்கு என்னங்க, பார்த்துடலாம்" என்றாள் இவள். "ஆனா நான் மண்வெட்டியாலதான் பார்ப்பேன். பரவாயில்லையா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாலம், கண், சேறு, ஃப்ரிட்ஜ் எல்லாம். வாத்துக்காரர் வாயைத் திறந்தபடி கேட்டார். மகனுக்கு வியர்த்தது. சொல்லி முடித்ததும் வாத்துக்காரரின் வயிறு குலுங்கியது, கையிலிருந்த டீ குலுங்கியது, "நல்லவேளை, கண்ணைக் காட்டறதுக்கு முன்னாடி சொன்னீங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி முதல் தடவையாக வாயைத் திறந்து, "வாசல்ல கடப்பாரை சாத்தியிருக்கறப்பவே நினைச்சேன், டாக்டர் வீட்டுல இது எதுக்குன்னு" என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் இல்லை என்றால் என்ன, மனிதர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். இரண்டாவது தடவை டீ போடத் தையல்காரர் எழுந்தார். கல்யாணம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாத்துக்காரருக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. சொந்தம் ஆகப் போகிறவர்களிடம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

"எங்க பண்ணைக்குப் பின்னாலகூட உங்க பாலம் ஒண்ணு இருக்குங்க. மூணு ஓட்டை. முதல் ரெண்டும் மேட்டுல இருக்கு, அதுல ஒண்ணுமில்ல. கடைசி ஓட்டை பள்ளத்துல இருக்கு பாருங்க, அதுல எப்பவும் தண்ணி ஓடும். என் வாத்துங்க பூரா அது வழியா கடலுக்குப் போயிடும். சாயங்காலம் எண்ணினா குறையும். வலைக்காரங்க கூடையில ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கும். ஓடி ஓடி நான் இளைச்சே போயிட்டேன்னா பார்த்துக்குங்க. கடைசியில போன மாசம் நானே ஒரு கம்பி வலை செஞ்சேன். சின்னக் கண் வலை. கொண்டு போய் அந்த ஓட்டையில செருகிட்டேன். இப்ப ஒரு வாத்து அந்தப் பக்கம் போகுதுங்கறீங்களா?"

இவள் வாய்க்குக் கொண்டுபோன டீ பாதி வழியில் நின்றது.

கம்பி வலை. வலைக்குப் பின்னால் வெளிச்சம் தெரியாதா என்ன? ஜோராகத் தெரியும்.

"வலையை அப்பப்ப எடுத்துச் சுத்தம் பண்றீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்குங்க? வாத்து நிக்குதே."

ஒரு மாதத்துக் குப்பை. ஒரு வாரத்து மழை. ஊரில் இருக்கிற ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் தண்ணீரோடு வந்து வலையில் அப்பிக்கொண்டிருக்கும். மேலே ஒரு கை அகலம் வெளிச்சம், கீழே கெட்டியாக ஒரு சுவர். மூணு கண்ணில் தண்ணீரை உண்மையாக இறக்குவது அந்த மூணாங்கண் ஒன்றுதான். நெற்றிக்கண்ணைத் திறந்தால் ஊர் எரியும் என்பார்கள். இந்தக் கண் மூடினால் ஊர் முழுகும். போகிற போக்கில் கரையையும் கொண்டுபோகும். என்ஜினியர் சரியாகத்தான் சொன்னார், நான்தான் போகாமலே போனேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மணியைப் பார்த்தாள். மத்தியான வண்டி வருகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி, பிள்ளை குட்டிகளோடு நிறைந்து வரும்.

மகன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். பிள்ளைக்குத் தெரியாத அம்மா முகமா? எழுந்து பக்கத்தில் வந்து, "அம்மா, அவங்க டீ குடிச்சிட்டுக் கிளம்பட்டும். அப்புறமா போன் பண்ணிக்கயேன்" என்று கெஞ்சினான். இரண்டாவது டீ ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆனால் கரைக்கு டீயும் தெரியாது, சம்பந்தமும் தெரியாது. அவள் போனை எடுத்தாள்.

"சார், மூணாங்கண்ணு அடைச்சிருக்கு. உள்பக்கம் வலை செருகியிருக்காங்க. நான் சரியாப் பார்க்கல. மத்தியான வண்டியை நிறுத்தச் சொல்லிடுங்க. நான் கிளம்பி வரேன்."

வாத்துக்காரர் முகம் மாறியது. "அடைச்சது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா சொல்லுவேங்க."

"வீட்டுக்குக் கூப்பிட்டு, டீயைக் குடுத்து, வாயைப் பிடுங்கிப் போட்டுக் குடுக்கறதா? இது பொண்ணு எடுக்கற வீடா, போலீஸ் ஸ்டேஷனா?" இடி மாதிரிக் குரல் இப்போது நிஜ இடியாகவே விழுந்தது. "எழுந்திருங்க ரெண்டு பேரும். இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்."

பெண் அழுதுகொண்டே போனாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. தையல்காரர் கையில் இரண்டாவது டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குடையை எடுத்து நீட்டினார். மகன் அவளுடைய பூட்ஸைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டான். கொஞ்சம் வேகமாகத்தான் போட்டான். அவள் குடையை விட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போய்ச் சேரும்போது வண்டியை முந்தின ஸ்டேஷனிலேயே நிறுத்தியிருந்தார்கள். என்ஜினியர் கடல் பக்கச் சரிவில் குனிந்து நின்று கரையின் அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு இடத்தில் தண்ணீர் கசிந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. இது டீ நிறத்தில் வந்தது. கரைக்குள் இருக்கிற மண்ணையே கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று அதற்கு அர்த்தம். கடல் இறங்கியிருக்கிறது, உள்பக்கம் தண்ணீர் ஆள் உயரம் நிற்கிறது, நடுவில் மண் கரை எத்தனை நேரம் தாங்கும்?

"இங்க மணல் மூட்டை அடுக்கறதை நான் பார்த்துக்கறேன். நீங்க கண்ணைத் திறங்க. கடல் ஏறிட்டா அப்புறம் திறந்தும் பிரயோஜனமில்ல. யாரும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது, உள்ள இழுத்துடும்" என்றார்.

உள்பக்கம் முள்ளை வெட்டிக்கொண்டு கேங் இறங்கியது. ஆகாயத்தாமரை, கோரை, பாட்டில், யாருடைய தலையணையோ, எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி மூணாங்கண்ணை மூடியிருந்தது. பக்கச் சுவர் மேல் நின்று கொக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டார்கள். மேலே இருந்தது வந்தது. அடியில் வலை அசையவில்லை. கொக்கியை மாட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். கொக்கி நிமிர்ந்ததுதான் மிச்சம்.

"அப்படி இழுத்தா வராது!"

அந்தக் குரலை யாருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. கையில் வாத்து மேய்க்கிற நீளக் கம்போடு வாத்துக்காரர் மூச்சிரைக்கக் கரை மேல் வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் பெண். வந்தவர் இவளைப் பார்க்காமல், கேங்கைப் பார்த்துப் பேசினார்.

"நான் யாருக்காகவும் வரல. என் பொண்ணு தினம் இந்த ரயில்லதான் போயிட்டு வரா. ஆட்டோல அவதான் கேட்டா, 'நாளைக்கு நான் போற வண்டி கவுந்தா உனக்குப் பரவாயில்லையாப்பா'ன்னு. ரெண்டு பக்கமும் ஆப்பு அடிச்சிருக்கேன். ஆப்பைத் தட்டாம வலை வராது. எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

பக்கச் சுவர் வழுக்கியது. அவர் இடுப்பில் கயிறு கட்டினார்கள். கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு இவள் காலை ஊன்றி நின்றாள். சற்று முன் தன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்துபோன மனிதரின் முழுப் பாரமும் அவள் கையில் இருந்தது. விட்டுவிடுவாளோ என்று அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பார்த்துத் தட்டுங்க. நான் பிடிச்சிருக்கேன்" என்றாள்.

"பிடிங்க பிடிங்க. பேச்சுலதான் விட்டுட்டீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். இடது ஆப்பு சீக்கிரம் கழன்றது. வலது ஆப்பு பிடிவாதம் பிடித்தது. "எவன்டா இவ்வளவு இறுக்கி அடிச்சான்?" என்று அவரே திட்டினார். கேங்கில் யாரோ சிரித்தார்கள். திட்டியபடி ஓங்கி ஒரு தட்டு. ஆப்பு மேலே மிதந்தது. "இப்ப இழுங்க, மேல் பக்கமா!" என்று கத்தினார். எல்லோரும் இழுத்தார்கள். வலை ஒரு சாண் ஏறியது, இன்னொரு சாண் ஏறியது, பிறகு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வந்து அத்தனை பேரையும் சேற்றில் உட்கார வைத்தது.

மூணாங்கண் பெரிய சத்தத்தோடு தண்ணீரை இழுத்துக்கொண்டது. பண்ணையிலிருந்து மிதந்து வந்த நாலைந்து வாத்துகள் என்ன ஏது என்று புரிவதற்குள் அதோடு போய், கடல் பக்கம் வெளியே வந்து, இறக்கையை உதறிக்கொண்டு ரொம்ப நாள் கழித்துச் சொந்த ஊர் வந்த மாதிரி நடந்து போயின. வாத்துக்காரர் அவற்றைக் கூப்பிடக்கூட இல்லை. சேற்றில் உட்கார்ந்தபடி தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்பக்க மட்டம் மெல்ல மெல்ல இறங்கியது. என்ஜினியர் கசிவுப் பக்கத்தை விட்டு அசையவில்லை. கசிவு மெலிந்து, டீ நிறம் போய்த் தண்ணீர் நிறம் வந்த பிறகும், கரையைக் கோல் குத்திப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம்தான் வண்டியை விடச் சொன்னார். நடக்கிற வேகத்தில் வண்டி வந்தது. ஜன்னல் ஜன்னலாகக் குழந்தைகள். எதற்கு நின்றோம் என்று தெரியாமலே கரையில் நின்ற சேற்று மனிதர்களுக்குக் கை ஆட்டிக்கொண்டு போனார்கள். கடைசிப் பெட்டி தாண்டியதும் அவளுக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்குத் தெரியப் போகிறது என்று நன்றாகவே அழுதாள்.

எல்லாம் முடிந்தபின் என்ஜினியர் அந்த வலையைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரியம்மா, இது யார் வேலை?"

கேங் முழுக்க ஜல்லிக் கல்லைப் பார்த்தது. பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்துக்காரர் சட்டை நுனியைப் பிழிந்தார், பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார். தெரியலை சார் என்று ஒரு வார்த்தை போதும். அவரே வந்து திறந்துவிட்டார், வண்டியும் போய்விட்டது, யார் கேட்கப் போகிறார்கள்? மகன் முகம் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

"இவர்தான் சார்" என்றாள்.

வாத்துக்காரர் தலை குனிந்தார்.

"இவர் யாரு?"

"என் சம்பந்தி."

என்ஜினியருக்குத் தூக்கி வாரிப் போட்டது. "சம்பந்தியா? என்னம்மா இது, கேஸ் எழுதணுமே."

"எழுதுங்க சார். எம் பேரையும் சேர்த்து எழுதுங்க. உள்பக்கம் போகாமலே பார்த்துட்டேன்னு உங்ககிட்ட சொன்னது நான். தப்பு தப்புதான். அதுக்காகச் சம்பந்தி இல்லைன்னு ஆயிடுமா?"

வாத்துக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பெண் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்ஜினியரைப் பார்த்தார்.

"சார், கேஸுக்கு எந்தத் தேதியில வரணும்னு கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிடுங்க. அன்னைக்குப் பார்த்துக் கல்யாணத்தை வச்சுடப் போறோம். சம்பந்தியம்மாவும் நானும் ரெண்டு இடத்துலயும் இருந்தாகணும் பாருங்க."